மரம் அகற்றும் வேலைக்கு விலை போடுவது எப்படி

"இந்த மரத்தை எடுக்க எவ்வளவு ஆகும்?" என்று ஒருவர் கேட்டதும் அண்ணாந்து பார்த்து, உயரத்தை மனதுக்குள் அளந்து, போன மாதம் வேறொருவர் இதே மாதிரி மரத்துக்கு இவ்வளவு வாங்கினாராமே என்பதையும் சேர்த்து ஒரு தொகையைச் சொல்லிவிடுவது இந்தத் தொழிலில் பலருக்கும் பழக்கம். சில சமயம் அது சரியாகவும் அமைந்துவிடும். அமையாத நாளில் என்ன ஆகும் என்றால், சாயங்காலம் ஆகிவிடும், அடிமரம் இன்னும் நிற்கும், ஆட்களை மறுநாளும் வரச் சொல்லக் கூலிக்கு வழியிருக்காது. அப்போதுதான் அவசரம் வருகிறது. கயிறு கட்டி இறக்க வேண்டிய கொப்பை "பரவாயில்லை, அப்படியே தள்ளிவிடு" என்று சொல்வதும் அந்த நேரத்தில்தான். குறைத்துப் போட்ட விலையின் மிச்சத்தை மேலே தொங்கிக்கொண்டிருப்பவர் தன் உடம்பால் கட்டுகிறார். ஆகவே விலை போடுவதைப் பாதுகாப்பு வேலையின் முதல் படியாகவே நான் பார்க்கிறேன். ஹெல்மெட்டும் கயிறும் அதற்குப் பிறகுதான் வருகின்றன.

நீங்கள் விற்கிற சரக்கு உங்கள் குழுவின் நேரம். ஆண்டுக்கு இத்தனை நாள்தான் கையில் இருக்கிறது, அந்த நாட்களுக்குள் எல்லாச் செலவும் லாபமும் வந்தாக வேண்டும். ஆகவே மரத்தைப் பார்க்கப் போவதற்கு முன்பே உங்கள் ஒரு நாளுக்கு என்ன விலை என்று தெரிந்திருக்க வேண்டும்.

ஒரு நாளின் விலை

ஊருக்கு ஊர் கூலி வேறு, நாட்டுக்கு நாடு பணமும் வேறு. அதனால் கணக்குக்காக மரம் ஏறுபவரின் ஒரு நாள் கூலியை 100 என்று வைத்துக்கொள்வோம், மற்ற எல்லாவற்றையும் அதை வைத்தே அளப்போம். கீழே இரண்டு ஆட்கள், ஆளுக்கு 60. நீங்களும் கூடவே நின்று வேலை செய்கிறீர்கள் என்றால் உங்களுக்கும் ஒரு 100. இதைப் போட மறப்பவர்கள் நிறையப் பேர். மிச்சம் இருப்பதை நான் எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்வார்கள், ஆண்டு முடிவில் பார்த்தால் தன்னிடம் வேலை பார்த்தவரைவிடக் குறைவாகச் சம்பாதித்திருப்பார்கள். உங்கள் கூலி செலவுக் கணக்கில் வர வேண்டும், லாபம் என்பது அதற்கு மேல். ஆக ஆட்கள் செலவு 320.

அடுத்து, வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஓடிக்கொண்டே இருக்கும் செலவுகள். வண்டித் தவணை, வண்டிக் காப்பீடு, மூன்றாம் நபருக்குச் சேதம் வந்தால் ஈடுகட்டும் காப்பீடு, ஆட்களுக்கான விபத்துக் காப்பீடு, செயின்சா (மோட்டாரில் ஓடும் சங்கிலி வாள்), சிப்பர் மெஷின் (கொப்பைத் தூளாக்கும் இயந்திரம்) இவற்றின் தேய்மானம், கயிறு, ஹார்னஸ் (ஏறுபவர் உடம்பில் மாட்டிக்கொள்ளும் பெல்ட்), கப்பி மாற்றும் செலவு, கொட்டகை வாடகை, போன், கணக்குப் பார்ப்பவருக்குக் கொடுப்பது, பயிற்சி. இதில் கயிறும் ஹார்னஸும் பலர் கண்ணில் படுவதே இல்லை. அறுந்தால் வாங்கிக்கொள்ளலாம் என்கிற பொருள் இல்லை அது, அறுவதற்கு முன்பே தூக்கிப் போட வேண்டியது. ஏறும் கயிறும் பெல்ட்டும் பார்க்க நன்றாகவே இருந்தாலும் அவற்றுக்குத் தயாரிப்பாளர் சொல்லும் ஓர் ஆயுள் உண்டு, எந்த நாளிலிருந்து எண்ண வேண்டும் என்பதையும் அவர் சொல்கிறபடியே எடுத்துக்கொள்ள வேண்டும். பிரிட்டனில் ஆளைத் தாங்கும் கருவிகளை 6 மாதத்துக்கு ஒருமுறை தகுதியுள்ளவர் பரிசோதிக்க வேண்டும் என்று விதியே இருக்கிறது. விதி இல்லாத இடத்திலும் அந்தச் செலவைக் கணக்கில் வைத்துக்கொள்வது நல்லது, ஏனென்றால் வைக்காவிட்டால் பழைய கயிற்றிலேயே ஏறுவார்கள்.

இவை எல்லாம் சேர்ந்து ஆண்டுக்கு 24,000 வருகிறது என்று வைத்துக்கொள்வோம். இதை எத்தனை நாளால் வகுப்பது? இங்கேதான் பெரும்பாலான கணக்குகள் கெட்டுப்போகின்றன. 300 நாள் என்று போட்டால் ஒரு நாளுக்கு 80 வரும், பார்க்க அழகாக இருக்கும். ஆனால் ஆண்டின் 365 நாளில் வாராந்திர விடுமுறை 52 போய்விட்டது. பண்டிகை, உடம்புக்கு முடியாதது, சொந்தக் காரியம் என்று இன்னொரு 25 நாள். மழையும் காற்றும் தடுக்கிற நாட்கள், மெஷின் பழுதாகி நிற்கிற நாட்கள், மரம் பார்த்து விலை சொல்ல மட்டும் போய் வருகிற நாட்கள் (அதில் பாதி வேலையாக மாறவே மாறாது), வேலையே இல்லாத நாட்கள். எல்லாவற்றையும் கழித்தால் காசு வாங்குகிற நாள் 150 தேறினால் பெரிது. 24,000-ஐ 150-ஆல் வகுத்தால் ஒரு நாளுக்கு 160. முதலில் போட்டதைப் போல் இரு மடங்கு. உங்கள் எண்ணிக்கை 150-ஆக இருக்க வேண்டும் என்றில்லை, போன ஆண்டு நோட்டைப் புரட்டி நிஜமாகவே எத்தனை நாள் சம்பாதித்தீர்கள் என்று எண்ணிப் போடுங்கள்.

பெட்ரோல், டீசல், செயின் ஆயில், தேய்ந்த செயின் இவற்றுக்கு நாளுக்கு 40. ஆக 320, 160, 40 சேர்த்து 520. இது நஷ்டமும் இல்லை லாபமும் இல்லை என்கிற கோடு.

லாபம் சேர்ப்பதில் ஒரு பொறி இருக்கிறது. 20 சதவீத லாபம் வேண்டும் என்று 520-இன் மேல் 20 சதவீதம் கூட்டினால் 624 வரும், ஆனால் அந்த 624-இல் லாபம் 104 மட்டுமே, அதாவது 16.7 சதவீதம்தான். வாங்குகிற தொகையில் 20 சதவீதம் நிஜமாகவே நிற்க வேண்டுமானால் 520-ஐ 0.8-ஆல் வகுக்க வேண்டும், 650 வரும். வித்தியாசம் ஒரு நாளுக்கு 26. 150 நாளுக்கு 3,900. அது ஒரு நல்ல செயின்சாவோ, ஒரு மாதம் வேலை இல்லாமல் போனால் ஆட்களைக் கைவிடாமல் வைத்துக்கொள்கிற தெம்போ ஆகலாம். வரி இருந்தால் அது இதற்கு மேல், தனியாக.

சரி, உங்கள் குழுவின் ஒரு நாள் 650. 8 மணி நேர வேலை என்றால் மணிக்கு ஏறத்தாழ 81. இனிமேல் மரத்தைப் பார்த்து நீங்கள் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி, இது எத்தனை மணி நேரம் என்பது.

உயரத்துக்கு இவ்வளவு என்ற கணக்கு ஏன் ஏமாற்றும்

அடிக்கு இவ்வளவு, மீட்டருக்கு இவ்வளவு என்று விலை சொல்வது வாடிக்கையாளருக்குப் புரிய எளிதாக இருக்கும், ஆனால் மரத்தின் எடை அப்படி வளர்வதில்லை. பச்சை மரம் ஒரு கன மீட்டர் என்றால் சாதாரணமாக 800 முதல் 1,100 கிலோ வரை இருக்கும். 30 செ.மீ. விட்டமுள்ள தண்டில் ஒரு மீட்டர் துண்டு 55 முதல் 80 கிலோ. அதே ஒரு மீட்டர், விட்டம் 60 செ.மீ. ஆனால் 225 முதல் 310 கிலோ. விட்டம் இரண்டு மடங்கானால் எடை நான்கு மடங்கு, உயரமும் கூடவே இரண்டு மடங்கானால் மரம் மொத்தத்தில் எட்டு மடங்கு. உயரத்தை மட்டும் வைத்து விலை சொன்னவர் எட்டு மடங்கு வேலைக்கு இரண்டு மடங்கு காசு வாங்குவார்.

இன்னொன்றையும் யோசியுங்கள். 60 செ.மீ. தண்டை ஒரு ஆள் தூக்கிப் போகிற அளவுக்கு நறுக்க வேண்டுமானால் 10 செ.மீ. தடிமனில் அரிய வேண்டும், அப்போதுதான் ஒரு வட்டு 25, 30 கிலோவுக்குள் நிற்கும். ஒரு மீட்டருக்குப் பத்து வெட்டு, பத்து நடை. தண்டு ஐந்து மீட்டர் என்றால் ஐம்பது. கேட்டில் டிராலி நுழையுமா, சிறிய கிரேன் உள்ளே வருமா என்பது விலையில் எவ்வளவு பெரிய வேறுபாட்டைக் கொண்டுவரும் என்பது இதிலேயே தெரிந்துவிடும்.

அளப்பதற்குப் பெரிய கருவி வேண்டாம். மார்பு உயரத்தில் டேப்பைச் சுற்றி, வந்த சுற்றளவை 3.14-ஆல் வகுத்தால் விட்டம். உயரத்துக்கு, உங்கள் கண்ணிலிருந்து நீட்டிய கை வரை என்ன நீளமோ அதே நீளத்தில் ஒரு குச்சியை எடுத்து, கையை நீட்டிச் செங்குத்தாகப் பிடித்துக்கொண்டு, குச்சியின் அடி மரத்தின் அடியிலும் நுனி மரத்தின் நுனியிலும் சரியாகப் பொருந்தும்வரை பின்னால் நகருங்கள். பொருந்திய இடத்திலிருந்து மரம் வரை உள்ள தூரம்தான் மரத்தின் உயரம். தரை சமமாக இருந்தால் வேலைக்குப் போதுமான அளவுக்குச் சரியாகவே வரும்.

மரத்தின் சாதியும் பேசும். முருங்கை மாதிரி கிளை படக்கென்று முறிகிற மரத்தில் ஆள் ஏற முடியாது, மெலிதாக இருந்தாலும் வேறு வழி பார்க்க வேண்டும். தென்னையில் கொப்பு இல்லை, குப்பையும் குறைவு, ஆனால் நார் நிறைந்த தண்டு செயினைச் சீக்கிரம் மழுக்கும். தூங்குமூஞ்சி மரத்தில் உயரத்தைவிட அகலம்தான் பிரச்சினை, கிடைமட்டமாக நீண்டு போகிற கனத்த கொப்பின் நுனிவரை ஆள் போய் வர வேண்டும். புளி, வேலம் போன்ற கட்டி மரத்தில் அறுக்கிற நேரம் கூடும்.

எப்படி இறக்கப் போகிறீர்கள்

விலையைத் தீர்மானிப்பதில் இதைவிடப் பெரிய கேள்வி இல்லை. மரத்தைச் சுற்றிலும் ஒன்றுமில்லை, உயரத்தைப் போல் இரண்டு மடங்கு தூரத்துக்கு ஆள் நடமாட்டத்தைத் தடுக்க முடியும் என்றால் அடியிலேயே வெட்டிச் சாய்த்துவிடலாம். பெரிய மரம்கூட ஒரு மணி நேரத்தில் தரையில் இருக்கும். அதே மரம் ஒரு கூரைக்கும் மதில் சுவருக்கும் நடுவில் நின்றால் நுனியிலிருந்து துண்டு துண்டாக வர வேண்டும். இதில் இரண்டு நிலை. கீழே விழுந்தால் பரவாயில்லை என்கிற இடம் இருந்தால் கொப்பை வெட்டிப் போட்டுக்கொண்டே இறங்கலாம். அது இல்லையென்றால் ஒவ்வொன்றையும் கயிற்றில் கட்டி, கப்பி வழியாக மெல்ல இறக்க வேண்டும். அப்போது கீழே ஒருவர் கயிற்றை விடுவதற்கென்றே நிற்க வேண்டும், அவர் கொப்பை இழுக்கப் போக முடியாது. அதாவது நேரமும் கூடுகிறது, ஆளும் கூடுகிறது. வெட்டிப் போடுகிற வேலையையும் கயிறு கட்டி இறக்குகிற வேலையையும் ஒரே நேரக் கணக்கில் போடவே கூடாது. இரண்டாவதற்கு இரண்டு மடங்கு, மூன்று மடங்கு நேரம் பிடிப்பது சாதாரணம்.

கயிறு கட்டி இறக்கும்போது துண்டின் எடையை மட்டும் பார்த்தால் போதாது. கப்பிக்கு மேலிருந்து வெட்டிய துண்டு விழுந்து கயிற்றில் நிற்கும்போது வருகிற இழுப்பு அதன் எடையைப் போல் பல மடங்கு. கப்பி கட்டிய இடத்தில் கயிறு இரண்டு பக்கமும் இழுப்பதால் அங்கே இன்னும் ஏறத்தாழ இரண்டு மடங்கு. அந்தக் கப்பி கட்டியிருக்கிற அதே தண்டில்தான் ஆளும் நிற்கிறார். ஆகவே சிறிய துண்டாக வெட்ட வேண்டும், சிறிய துண்டு என்றால் அதிக வெட்டு, அதிக நேரம். இந்த நேரத்தை விலையில் போடாதவர் வேலைநாளில் பெரிய துண்டாக வெட்டச் சொல்வார்.

மரத்தின் உடல்நிலையைப் பார்க்காமல் முறையைத் தீர்மானிக்க முடியாது. செத்த மரம் விலை குறைவு என்று வாடிக்கையாளர்கள் நினைக்கிறார்கள், இலைகூட இல்லையே, லேசாகத்தானே இருக்கும் என்பார்கள். நேர்மாறு. காய்ந்து நாளான மரம் எந்த இடத்தில் முறியும் என்று ஏறுகிறவருக்குத் தெரியாது, கயிறு கட்ட நம்பகமான கொப்பும் கிடைக்காது. அடிமரத்தில் அடுக்கடுக்காக மரக்காளான் தெரிகிறதா, பட்டை உரிந்து தொங்குகிறதா, மரச் சுத்தியலால் தட்டினால் உள்ளே பொக்கையாகச் சத்தம் கேட்கிறதா, மண் ஒரு பக்கம் மேலெழும்பி வெடிப்பு விட்டிருக்கிறதா என்று சுற்றி வந்து பாருங்கள். சந்தேகம் இருந்தால் ஆளை ஏற்றாமல் கூடை வைத்த லிஃப்ட் வண்டியோ கிரேனோ வர வேண்டும், அதன் வாடகை விலையில் ஏறும். கிரேன் வாடகையைப் பார்த்து மலைக்க வேண்டாம். இரண்டு நாள் கயிற்று வேலையைக் கிரேன் அரை நாளில் முடித்துவிடுகிற இடங்கள் உண்டு, இரண்டு வகையிலும் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். கிரேன் நிற்கத் தரை தாங்குமா, அடியில் கழிவுநீர்த் தொட்டி இருக்கிறதா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

மின்கம்பி அருகில் இருந்தால் விலை பேசுவதையே நிறுத்திவிட்டு, மின்சாரத்தை யார் நிறுத்துவார்கள், எந்த நாளில், எத்தனை மணி நேரம் என்று முதலில் முடிவு செய்யுங்கள். அமெரிக்காவில் 50 கிலோவோல்ட் வரையிலான கம்பியிலிருந்து, மின்வேலைக்குத் தகுதி பெறாதவர் 10 அடிக்குள் போகக் கூடாது என்பது விதி. உங்கள் இடத்தில் என்ன விதியோ அதைப் பின்பற்றுங்கள். தொட்டால்தான் ஆபத்து என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள், பச்சைக் கிளையும் ஈரக் கயிறும் மின்சாரத்தைக் கடத்தும். மின்சாரம் நிறுத்தக் காத்திருக்கிற நேரமும் காசுதான், அதையும் மணிக்கணக்கில் சேருங்கள்.

புயலில் சாய்ந்த மரம் தனி வகை. வளைந்து அழுந்திக் கிடக்கிற தண்டில் எந்தப் பக்கம் இழுப்பு, எந்தப் பக்கம் அழுத்தம் என்று பார்த்துத்தான் வாள் வைக்க முடியும், வேரோடு பெயர்ந்த மரத்தில் தண்டை அறுத்ததும் வேர்த்திட்டு திரும்பவும் பள்ளத்துக்குள் எழுந்து விழக்கூடும். கூடவே இரவு வேலை, விடுமுறை நாள் வேலை என்று வரும். இதற்குக் கூடுதல் கேட்பது நியாயம். ஆனால் அந்தக் கூடுதல் எவ்வளவு என்பதைப் புயல் வருவதற்கு முன்பே முடிவு செய்து வைத்திருங்கள், எல்லோருக்கும் அதையே சொல்லுங்கள். வீட்டின் மேல் மரம் விழுந்து நடுங்கிக்கொண்டிருப்பவரின் முகத்தைப் பார்த்து விலை ஏற்றுவது தொழிலுக்கே கெட்ட பெயர்.

தரையில் விழுந்த பிறகு

வெட்டுவதைவிட அள்ளுவதற்குத்தான் பல வேலைகளில் அதிக நேரம் போகிறது, விலை பேசும்போது அது எவருக்கும் நினைவில் வருவதில்லை. மரத்தின் அடியிலிருந்து லாரி நிற்கும் இடம் வரை நடந்து பாருங்கள். எத்தனை மீட்டர், படிக்கட்டு உண்டா, வழியின் அகலம் என்ன, பாதை வீட்டுக்குள்ளேயா போகிறது, சரிவா, மழை பெய்தால் சேறாகுமா. சிப்பர் மெஷினை மரத்தின் அருகில் கொண்டுவர முடிந்தால் கொப்பு தூளாகி அளவு பல மடங்கு சுருங்கிவிடும். முடியாவிட்டால் ஒவ்வொரு கொப்பையும் தெருவரை இழுக்க வேண்டும், அல்லது உள்ளேயே நறுக்கிக் கட்டிச் சுமக்க வேண்டும். 10 மீட்டர் இழுப்பதும் 40 மீட்டர் இழுப்பதும் ஒரே வேலை என்று நினைத்துப் போட்ட விலையில் கீழ் ஆட்களின் இடுப்புதான் ஒடியும்.

கட்டையை யார் எடுத்துக்கொள்வது என்பதை முதல் நாளே பேசிவிடுங்கள். "மரத்தை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள், காசு வேண்டாம்" என்று சொல்பவர்கள் உண்டு. தேக்கு மாதிரி நல்ல தடிமனுள்ள நேரான மரமாக இருந்தால் யோசிக்கலாம், ஆனால் விற்ற பிறகு கிடைக்கும் என்று நம்புகிற தொகையில் ஏற்றுக்கூலி, வண்டி, அறுவை ஆலைக் கழிவு, உள்ளே பொக்கை இருந்தால் வருகிற நஷ்டம் எல்லாவற்றையும் கழித்துவிட்டுப் பாருங்கள். வீட்டருகே வளர்ந்த மரத்தில் ஆணி, கம்பி, கொக்கி புதைந்திருப்பது மிகச் சாதாரணம். அறுவை ஆலைக்காரர்கள் அதனாலேயே தயங்குவார்கள், உங்கள் செயினும் அதில்தான் பாழாகும். அகற்றும் வேலைக்கு முழு விலையையும் போட்டுவிட்டு, கட்டைக்கு மதிப்பு இருந்தால் அதைத் தனி வரியாகக் கழித்துக் காட்டுவது இருவருக்கும் தெளிவு.

தூர் (அறுத்த பிறகு மண்ணில் மிஞ்சும் அடிக்கட்டை) எடுப்பது வேறு வேலை, வேறு விலை. வாடிக்கையாளர் மனதில் "மரத்தை எடுப்பது" என்றால் வேர்வரை எடுப்பது என்றிருக்கும், உங்கள் மனதில் தரை மட்டத்தில் அறுப்பது என்றிருக்கும். கடைசி நாள் சண்டைகளில் பாதி இதனால்தான். தூரை அரைப்பதென்றால் தரை மட்டத்தில், வேர் புடைத்திருக்கும் இடத்தையும் சேர்த்து அகலமான பக்கத்தில் அளந்து, எவ்வளவு ஆழம் என்பதையும் எழுதுங்கள். அடியில் குடிநீர்க் குழாய், கேபிள், காஸ் குழாய் போகிறதா என்று தெரியாமல் அரைக்கத் தொடங்க வேண்டாம். அரைத்த தூளும் மண்ணும் குழியைவிட அதிகமாகக் குவியும், அதை அள்ளிப் போவதா குழியிலேயே நிரப்புவதா என்பதையும் சொல்லிவிடுங்கள்.

ஒரு கணக்கு

14 மீட்டர் உயரம், அடியில் 50 செ.மீ. விட்டம், உயிருள்ள நல்ல மரம். ஒரு பக்கம் ஓட்டுக் கூரை, மறுபக்கம் திறந்த வெளி. தெருவுக்கு 30 மீட்டர், நடுவில் குறுகிய கேட், சிப்பர் நுழையாது. கூரைப் பக்கக் கொப்புகள் கயிற்றில் இறங்க வேண்டும், மற்றவற்றை வெட்டிப் போடலாம்.

இதில் போய் வருவதும் வண்டியிலிருந்து சாமான் இறக்கிக் கயிறு கட்டுவதும் 2 மணி நேரம். கூரைப் பக்கம் 2 மணி நேரம், மறுபக்கம் 1, தண்டைத் துண்டு போடுவது ஒன்றரை. மேலே வேலை நடக்கும்போதே கீழே கொப்பு இழுபடும் என்றாலும், ஆள் மேலே இருக்கும்போது அடியில் போக முடியாத நேரம் நிறைய இருப்பதால், எல்லாம் இறங்கிய பிறகும் இழுக்க, தூளாக்க, ஏற்ற இரண்டரை மணி நேரம் வேண்டும். பெருக்கிச் சுத்தம் செய்ய அரை மணி. எதிர்பாராததற்கு 1 மணி நேரம் (குளவிக் கூடு, கம்பி, ஒரு மணி நேர மழை, ஏதோ ஒன்று வரும்). கூட்டினால் பத்தரை மணி நேரம்.

8 மணி நேர நாளுக்கு இது 1.3 நாள். மணிக்கு 81 என்று பெருக்கி 850 சொல்லிவிடலாமா? மறுநாள் மீதியில் வேறொரு சிறிய வேலை பக்கத்திலேயே உறுதியாக இருந்தால் சொல்லலாம். இல்லையென்றால் மறுநாள் காலை ஆட்களை வரவழைத்து, இரண்டரை மணி நேரம் வேலை வாங்கி, மீதி நாளைச் சும்மா விட முடியாது, ஒருமுறை வந்தால் அரை நாள் என்பதே குறைந்தபட்சம். ஆக ஒன்றரை நாள், 975. கழிவு கொட்டும் கட்டணம் 60 என்றால் 1,035. தூர் அரைப்பது 120, தனி வரி, வேண்டுமானால் எடுத்துக்கொள்ளட்டும். இன்னொரு வழியும் உண்டு, கீழே ஓர் ஆளைக் கூடுதலாகப் போட்டு ஒரே நாளில் முடிப்பது. அந்த ஆளின் 60-ஐயும் 0.8-ஆல் வகுத்தால் 75, நாள் விலை 725 ஆகும், அதோடு கொட்டும் கட்டணம். இழுக்கிற நேரம் நிஜமாகவே அந்த அளவுக்குக் குறையுமானால் இது இருவருக்கும் நல்லது. ஆனால் ஏறுபவரின் வேகத்தைக் கூட்டி ஒரே நாளில் முடிக்கலாம் என்று கணக்குப் போட வேண்டாம், மேலே நடக்கிற வேலைக்கு அது எடுக்கிற நேரம் எடுத்தே தீரும்.

ஒரே இடத்தில் மூன்று மரம் என்றால் தள்ளுபடி கேட்பார்கள், கொடுக்கலாம். போய் வருவது, சாமான் இறக்குவது எல்லாம் ஒருமுறைதானே. மிச்சமாகிற மணி நேரம் எவ்வளவோ அவ்வளவே தள்ளுபடி.

சிறிய வேலைக்கும் இதற்குக் கீழே போவதில்லை என்கிற ஒரு குறைந்தபட்ச விலை வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கொப்புதானே என்று கூப்பிடுவார்கள், ஆனால் வண்டி, ஆள், கயிறு எல்லாம் கிளம்பித்தான் ஆக வேண்டும்.

சொல்வதும் எழுதுவதும்

போட்டோவை அனுப்பி விலை கேட்டால் உத்தேசம் மட்டும் சொல்லுங்கள், அது உத்தேசம்தான் என்பதையும் எழுத்தில் சொல்லுங்கள். போட்டோவில் மரத்தின் பின்பக்கப் பொந்து தெரியாது, பக்கத்து வீட்டுக் கண்ணாடிக் கூரை தெரியாது. நேரில் பார்த்த பிறகு கொடுப்பதுதான் உறுதியான விலை.

எழுதிக் கொடுக்கிற தாளில் எந்த மரம் என்பது தெளிவாக இருக்கட்டும், முடிந்தால் போட்டோவுடன். எந்த மட்டத்தில் அறுப்பது, தூர் உண்டா இல்லையா, கட்டையும் தூளும் எங்கே போகும், விலை எத்தனை நாளுக்குச் செல்லும், மழை காற்று வந்தால் நாள் தள்ளிப்போகும், பணம் எப்போது. மரம் வெட்ட அனுமதி தேவையான இடங்களில் அதை யார் வாங்குவது என்பதும் எழுத்தில் வர வேண்டும். வாங்கிய தாளைக் கண்ணால் பார்க்காமல் வேலையைத் தொடங்க வேண்டாம், மரம் எல்லைக்கோட்டில் நின்றால் பக்கத்து வீட்டுக்காரரின் சம்மதத்தையும். கூடு கட்டிக் குஞ்சு வைத்திருக்கிற பறவை இருந்தால் குஞ்சு பறக்கும்வரை தள்ளிவைக்கலாம் என்று சொல்லிப் பாருங்கள், பெரும்பாலானவர்கள் ஒப்புக்கொள்வார்கள், பல இடங்களில் சட்டமும் அதைத்தான் சொல்கிறது.

பேரம் வரும். அப்போது தொகையைக் குறைப்பதற்குப் பதில் வேலையைக் குறையுங்கள். கட்டையை இங்கேயே அடுக்கிவிட்டுப் போகிறோம், தூளைத் தோட்டத்திலேயே பரப்பிவிடுகிறோம், தூர் பிறகு பார்த்துக்கொள்ளலாம், அவசரமில்லை என்றால் வேலை குறைவான மாதத்தில் வருகிறோம். இப்படிக் குறைந்த ஒவ்வொன்றுக்கும் எத்தனை மணி நேரம் மிச்சமோ அதைக் கழியுங்கள். வேலை அப்படியே இருக்க, தொகையை மட்டும் குறைத்தால் முதலில் சொன்ன விலை பொய் என்று நீங்களே ஒப்புக்கொண்டதாகிவிடும்.

"வேறொருவர் பாதி விலை சொன்னார்" என்பார்கள். அவரைப் பற்றிக் குறை பேச வேண்டாம். காப்பீடு இருக்கிறதா, கூரை உடைந்தால் யார் பொறுப்பு, கழிவை எடுத்துப் போவாரா, எத்தனை ஆட்கள் வருவார்கள் என்று கேட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், போதும். அதன் பிறகும் அங்கே போனால் போகட்டும். 520 என்கிற கோட்டுக்குக் கீழே வாங்கிச் செய்கிற நாளைவிட, வீட்டிலிருந்து மெஷினைப் பிரித்துச் சுத்தம் செய்கிற நாள் மேல். வண்டித் தவணை மாதிரி ஓடிக்கொண்டே இருக்கும் செலவு அன்றும் உண்டு என்றாலும், கூலியும் எரிபொருளும் அந்த நாளில் செலவாவதில்லை, எவருக்கும் அடியும் படுவதில்லை.

பெரிய வேலைக்கு, குறிப்பாகக் கிரேன் வாடகை நீங்கள் கட்ட வேண்டியிருந்தால், முன்பணம் வாங்குங்கள். மீதி வேலை முடிந்த அன்றே. மரம் போன பிறகு அதற்குப் பணம் கொடுக்க எவருக்கும் அவசரம் இருக்காது.

வேலை முடிந்த மாலை

ஒவ்வொரு வேலைக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, போட்ட மணி நேரம் என்ன, ஆன மணி நேரம் என்ன, எந்தப் பகுதியில் பிசகியது என்று எழுதுங்கள். கயிற்று வேலையா, இழுப்பதா, போக்குவரத்தா, ஏற்றுவதா என்று பிரித்து எழுதினால்தான் பயன். கொஞ்ச நாளில் ஒரு போக்கு தெரியும், சிலர் வெட்டுவதைச் சரியாகவும் அள்ளுவதை எப்போதும் பாதியாகவும் போடுவார்கள், சிலர் பயண நேரத்தையே மறப்பார்கள். அடுத்த விலையில் அந்த இடத்தைத் திருத்துங்கள். கீழே வேலை பார்த்தவர்களிடமும் கேளுங்கள், எது அதிக நேரம் தின்றது என்று அவர்களுக்குத்தான் தெரியும், இன்னோர் ஆள் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று அவர்கள் சொன்னால் அதையும் அந்தப் பக்கத்திலேயே எழுதி வையுங்கள். அப்புறம், எரிபொருள் விலையோ கூலியோ காப்பீட்டுத் தொகையோ ஏறும்போதெல்லாம் நாள் விலையைத் திரும்பப் போடுங்கள், ஏறாவிட்டாலும் ஆண்டுக்கு ஒருமுறையாவது.